ரெண்டு பேருக்கு ஒரு பூட்டு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதறேன். நீ நல்லா இருக்கணும், வேளாவேளைக்குச் சாப்பிடணும், குளிர்ல காதை மூடிக்கிட்டு வெளியே போகணும், எப்பவும் என் வேண்டுதல் அதுதான். எங்க நலத்தைப் பத்தி வழக்கமா எழுதற வரியை ஆரம்பிச்சேன், பாதியிலேயே பேனா நின்னுடுச்சு, சரி போகட்டும்னு விட்டுட்டேன். உடம்புக்கு எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லை, முதல்ல அதைத் தெரிஞ்சுக்கோ, பதறாதே. அப்பாவோட முதுகு எப்பவும் போலத்தான், அவரோட கோபமும் எப்பவும் போலத்தான். கையில போன் இருக்க இவ எதுக்கு லெட்டர் எழுதறான்னு நினைப்பே. போன்ல சொன்னா நீ நடுவுல அழுவே, நீ அழுதா நான் சொல்ல வந்ததை மென்னு முழுங்கிடுவேன். இன்னொண்ணும் இருக்கு, நீ வேண்டாம்மா பண்ணாதேம்மான்னு தடுப்பே, நீ தடுத்தா நான் கேட்டாலும் கேட்டுடுவேன். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு பேக்டரியில எனக்கு என்கொயரி. போற வழியில இதைத் தபால்ல போட்டுடுவேன். உன் கைக்கு வந்து சேர்றப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும். அதுக்காகத்தான் லெட்டர்.

மூணு வாரத்துக்கு முன்னாடி நீ டிரைவிங் டெஸ்ட்ல பாஸ் ஆன அன்னிக்கு நாம பேசிக்கிட்டு இருந்தப்பவே போன் கட் ஆச்சே, ஞாபகம் இருக்கா. சார்ஜ் போயிடுச்சுன்னு மறுநாள் உன்கிட்ட சொன்னேன். அது பொய். போனைக் கீழே போட்டுட்டு ஓடினேன்டி. ரேடியோ அக்கா கை மெஷின்ல மாட்டிக்கிச்சு. பதினாறு வருஷமா எனக்கு ஜோடியா ரொட்டி பேக்டரியில மாவு மெஷின் கழுவற அக்கா, வாய் மூடாம பேசறதால மொத்த பேக்டரியும் ரேடியோன்னு கூப்பிடற அக்கா, நீ ஊருக்குக் கிளம்பினப்ப உனக்குக் கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி பின்னிக் குடுத்தாங்களே, அதே அக்காதான். உயிருக்கு ஒண்ணும் இல்லை. வலது தோள்ல எலும்பு முறிஞ்சிருக்கு, அந்தக் கையிலேயே மூணு விரல் போயிடுச்சு. போன தடவை நீ கேட்டே, அக்கா எங்கேம்மா சத்தத்தையே காணோமேன்னு. லீவுல இருக்காங்கன்னு சொன்னேன். அதுவும் பொய்தான். பொய் சொல்லக் கூடாதுன்னு உன்னைக் கன்னத்துல போட்டு வளர்த்தவ நான்.

இப்ப நான் சொல்றதைக் கொஞ்சம் பொறுமையா படி, எங்க வேலை எப்படின்னு தெரிஞ்சாத்தான் உனக்கு மீதி புரியும். மாவு பிசையற மெஷின் நம்ம குளியலறை அளவுக்கு இருக்கும், உள்ளே தொடை தடிமன்ல ரெண்டு இரும்புக் கை சுத்தும். ஒவ்வொரு ஷிப்டும் முடிஞ்சதும் மெஷினை நிறுத்திட்டு ஒட்டின மாவைச் சுரண்டிக் கழுவணும். நான் ஏணி மேல ஏறி மூடி, கழுத்து எல்லாம் தேய்ப்பேன். அக்கா கீழே முக்காலி போட்டு உக்காந்து, பக்கத்துல இருக்கற சின்னக் கதவு வழியா தோள் வரைக்கும் கையை விட்டு அந்த இரும்புக் கையோட அடியில இருக்கறதைச் சுரண்டுவாங்க. அவங்க கை அவ்வளவு நீளம், கை நீளம்னு சொன்னா மட்டும் அடிக்க வருவாங்க, நான் என்ன திருடியான்னு. நாங்க கழுவறப்ப யாரும் தெரியாம மெஷினைப் போட்டுடக் கூடாது இல்லையா, அதுக்கு ஒரு முறை இருக்கு. சுவிட்ச் பெட்டியில நாலு ஓட்டை வெச்ச ஒரு கொக்கி இருக்கும். மெஷின்ல கை வைக்கற ஒவ்வொருத்தரும் அவங்கவங்க சிவப்புப் பூட்டை அதுல மாட்டிப் பூட்டணும், சாவி அவங்கவங்க கழுத்துலதான் இருக்கணும். வேலை முடிஞ்சு வெளியே வந்தவங்க அவங்க பூட்டை மட்டும் எடுத்துக்கலாம். ஒரு பூட்டு தொங்கினாக்கூட மெஷின் ஓடாது. அவ்வளவுதான் சட்டம், சின்னக் குழந்தைக்குக்கூட புரியும்.

அந்தச் சட்டத்தைத்தான் நான் மீறினேன், அதுவும் நல்லது பண்றேன்னு நினைச்சு மீறினேன். எட்டு வருஷத்துக்கு முன்னாடி அக்காவுக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சு. சுவிட்ச் பெட்டி இருக்கறது சுவருக்கு அந்தப் பக்கம், நடையைச் சுத்திக்கிட்டுப் போகணும், லாக்கர் ரூம் பக்கத்துல. போக வர அம்பது அறுபது அடி. அவங்க முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டிப் போறதைப் பாக்க எனக்குத் தாங்கல. நீங்க எதுக்கு அக்கா நடக்கறீங்க, என் பூட்டே நம்ம ரெண்டு பேருக்கும் போதும், நீங்க வெளியே வந்து சொன்ன பிறகுதானே நான் எடுக்கப் போறேன்னு நானே சொன்னேன். அவங்களா கேக்கல, நானா சொன்னேன். அன்னிலேருந்து அக்கா கையை வெளியே எடுத்து, சின்னக் கதவைச் சாத்தி, ரேடியோ நிலையம் மூடியாச்சுன்னு ஒரு சத்தம் குடுப்பாங்க. அதைக் கேட்ட பிறகுதான் நான் போய்ப் பூட்டை எடுப்பேன். எட்டு வருஷத்துல ஒரு நாள்கூட அந்தச் சத்தம் கேக்காம நான் பூட்டைத் தொட்டதில்லை. புதுசா வந்தவங்களுக்கு வேலை சொல்லிக் குடுக்கறதும் நான்தானே, அவங்களுக்கும் இதையே காட்டிக் குடுத்துட்டேன், ரெண்டு பேரு ஒண்ணா நிக்கறப்ப ஒரு பூட்டு போதும், நேரம் மிச்சம்னு. சூப்பர்வைசருக்கும் தெரியும், வேலை சீக்கிரம் முடியுதேன்னு கண்டும் காணாம இருந்துட்டாரு.

அன்னிக்கு உன் ரிசல்ட். மூணு தடவை பெயில் ஆகி, லாரி டிரைவர் பொண்ணுக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியலன்னு உங்கப்பா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தாரே, இந்தத் தடவையும் லைசென்ஸ் வரலன்னா வீடு வீடாப் போய் முதியோரைப் பாக்கற வேலை கையை விட்டுப் போயிடும்னு நீயும் அழுதியே. டீ நேரத்துல கூப்பிடறேன்னு சொல்லியிருந்தே. காலையிலேருந்து எனக்கு ஒரு நிலை இல்லை. அக்கா வேற சும்மா இருக்கல, டெஸ்ட் எடுக்கற அந்த ஊர்க்காரன் இவ மேல இரக்கப்பட்டாவது பாஸ் போட்டுடுவான், இல்லன்னா இவ அஞ்சாவது தடவையும் வந்து நிப்பாளேன்னு கிண்டல். டீ மணி அடிச்சுது, என் பங்கு தேய்ச்சு முடிஞ்சிருந்துது. அக்கா இன்னும் கையை உள்ளே விட்டுச் சுரண்டிக்கிட்டு இருந்தாங்க, ஒரு கட்டி மாவு காய்ஞ்சு போய் ஒட்டிக்கிட்டு இருந்துது. நீ போடி, போய்ப் போனை எடு, நான் இதை முடிச்சுட்டு வரேன்னு சொன்னாங்க. நான் ஏணியை விட்டு இறங்கி ஓடினேன். நடையில போனேன், லாக்கரைத் திறந்தேன், போனை எடுத்தேன், நீ பாஸ்மா பாஸ்மான்னு கத்தினே. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துது. கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை எடுக்கலாம்னு ஏப்ரன் பையில கையை விட்டா, ஜில்லுனு கையில பட்டது பூட்டு.

சாமி சத்தியமாச் சொல்றேன், அதை எப்ப எடுத்தேன்னு எனக்குத் தெரியாது. தினமும் அந்த வழியா வர்றப்ப கை தானா போய் எடுக்கும், அன்னிக்கும் அதே மாதிரி போயிருக்கு. கழுத்துச் சாவியை எடுத்துத் திறந்திருக்கேன், பூட்டைக் கழட்டியிருக்கேன், பையில போட்டிருக்கேன், மனசு பூரா உன்கிட்ட இருந்திருக்கு. திரும்பறதுக்குள்ள மெஷின் சத்தம் கேட்டுது. ஆபரேட்டர் பெட்டியைப் பாத்திருக்காரு, ஒரு பூட்டும் இல்லை, அடுத்த மாவுக்கு நேரமாச்சேன்னு பட்டனை அமுத்திட்டாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்லை, பாவம் அந்த மனுஷன் அதுக்கப்புறம் யார் முகத்தையும் நிமிர்ந்து பாக்கறதில்லை. அரைச் சுத்துதான் சுத்தினது. அரைச் சுத்து. நான் போய்ப் பாக்கறப்ப அக்கா தரையில கிடந்தாங்க. முதலுதவிக்காரர் முட்டி போட்டு உக்காந்து கன்னத்தைத் தட்டி, கான்ஷியஸா இருக்காங்களா, கான்ஷியஸா இருக்காங்களான்னு என்னைக் கேக்கறாரு. என் கை ஏப்ரன் பைக்குள்ளேயே இருந்துது, அந்தப் பூட்டைப் பிடிச்சுக்கிட்டு.

ஆஸ்பத்திரியில மறுநாள் மத்தியானம்தான் அக்காவுக்கு நல்லா நினைவு வந்துது. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். உதடு காய்ஞ்சு போயிருந்துது, ஏதோ சொல்ல வந்தாங்க, தண்ணி கேக்கறாங்கன்னு நினைச்சு குனிஞ்சேன். பொண்ணு பாஸா பெயிலான்னு கேட்டாங்கடி. முதல் வார்த்தை அதுதான். பாஸ் அக்கான்னு சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டு, அப்பாடா இனிமே அந்த ஊர்ல ரோட்டுல நடக்கறவங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும்னாங்க. நான் வெளியே வந்து வராண்டா சுவத்துல சாஞ்சுக்கிட்டு அழுதேன். துப்புரவு பண்ற அம்மா ஒருத்தி வாளியை ஓரமா வெச்சுட்டு என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. உன் போன்தான் காரணம்னு மட்டும் நினைச்சே, அப்புறம் நான் உன்கிட்ட பேசவே மாட்டேன், சொல்லிட்டேன். போன் ஒரு நாள்தான் வந்துது. ஒரு பூட்டு எட்டு வருஷமாத் தொங்கிச்சு.

அப்புறம் போன வாரம் சேஃப்டி ஆபீசர் கூப்பிட்டாரு. நல்ல மனுஷன்தான், உக்காரச் சொல்லி டீ குடுத்தாரு. ஸ்டேட்மென்ட் இங்கிலீஷ்ல டைப் அடிச்சு ரெடியா வெச்சிருந்தாரு, கையெழுத்து போட்டா போதும், கேஸ் முடிஞ்சுதுன்னாரு. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன், நானே சொல்ற மாதிரி எழுதியிருந்தாரு. நான் என் வேலையை முடிச்சேன், முறைப்படி என் பூட்டை எடுத்தேன். சரி. அவங்கவங்க பூட்டை அவங்கவங்க மாட்டணும்னு ரெண்டு பேருக்கும் தெரியும், பயிற்சி குடுத்தாச்சு. அதுவும் சரி. கூட வேலை செஞ்சவங்க அவங்க பூட்டை மாட்டல. அதுவும் சரிதானே. கடைசியில ஒரு வரி, அக்கா சேஃப்டி கான்ஷியஸா இல்லன்னு. நான் மெதுவா, பூட்டை நான் எடுத்தது தப்பு சார்னு ஆரம்பிச்சேன். எடுத்தது உங்களுக்குக் கான்ஷியஸா ஞாபகம் இருக்கான்னு கேட்டாரு. இல்லை சார்னேன். அப்ப அதைப் பத்தி எதுக்குப் பேசறீங்க, உங்க பூட்டை எடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு, இதுல ஒரு வரி பொய் இருந்தா காட்டுங்கன்னாரு. காட்ட முடியலடி. ஒரு வரிகூட பொய் இல்லை. அக்காவும் இதே மாதிரி எழுதிக் குடுத்துட்டாங்கன்னு ஒரு பேப்பரை எடுத்துக் காட்டினாரு. இடது கையில கோணல் மாணலா கையெழுத்து. என் பூட்டை மாட்ட நான் மறந்துட்டேன், வேற யாரும் காரணமில்லைன்னு. அப்புறம் சொன்னாரு, போட்டுடுங்க, உங்க கான்ஷியன்ஸ் கிளியரா இருக்கும்னு.

கான்ஷியஸ், கான்ஷியன்ஸ்னு அந்த ரெண்டு வார்த்தையும் ஒரே மேஜையில ஒரே வாயிலேருந்து வந்ததும் எனக்கு நீ ஞாபகத்துக்கு வந்துட்டே. நீ ஒன்பதாவது படிக்கறப்ப உங்க ஸ்கூல் மீட்டிங்குக்கு வந்து, பேக்டரியில எனக்கு மஞ்சள் பேட்ஜ் குடுத்திருக்காங்க, நல்ல கான்ஷியன்ஸ் உள்ள தொழிலாளின்னு உங்க டீச்சர்கிட்ட பெருமையாச் சொன்னேன். பேட்ஜ்ல போட்டிருந்தது சேஃப்டி கான்ஷியஸ்னு. டீச்சர் சிரிச்சுட்டாங்க. வீடு வர்ற வரைக்கும் நீ என்கூட ஒரு வார்த்தை பேசல, எனக்குப் பத்தடி முன்னாடியே நடந்து போனே. எனக்கு அப்ப எவ்வளவு வலிச்சுதுன்னு உனக்குத் தெரியாது, போகட்டும். ஆனா அன்னிக்கு சாயங்காலமே ஒரு பேப்பர்ல ரெண்டு வார்த்தையையும் பெரிசா எழுதி சமையலறை அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினே. முதல் வார்த்தைன்னா முழிப்பா இருக்கறது, சுத்தி என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிருக்கறது. ரெண்டாவதுன்னா உள்ளே இருந்து ஒண்ணு கேள்வி கேக்கறது, நீ பண்ணினது சரியான்னு. ரெண்டாவதுக்குள்ள சயின்ஸ்னு ஒரு வார்த்தை ஒளிஞ்சிருக்கு பாரும்மா, ஆனா சயின்ஸுக்கு அதுல ஒரு வேலையும் இல்லைன்னு சொன்னே. நான் தோசைக்கரண்டியோட நின்னு தலையாட்டினேன். நம்ம பாஷையில பாரு, நினைவு வேற, மனசாட்சி வேற, ரெண்டுக்கும் ஒரு எழுத்துகூட ஒட்டல, யாரு குழப்பிக்கப் போறா. இங்கிலீஷ்காரன் எதுக்கு ரெண்டையும் அக்கா தங்கச்சி மாதிரி வெச்சான்னு அப்ப கேட்டேன். இப்ப எனக்கே தோணுது, ஒண்ணு இல்லாதப்ப நடந்ததுக்கு இன்னொண்ணுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கு. பூட்டை எடுக்கறப்ப எனக்கு நினைவு இல்லை, நிஜம். ஆனா எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பூட்டு போதும்னு சொன்னப்ப எனக்கு நல்லா நினைவு இருந்துதே.

சரி, அன்னிக்கே மறுத்துட்டு வந்தேன்னு நினைக்காதே, உங்கம்மா அவ்வளவு பெரிய ஆளு இல்லை. யோசிச்சுச் சொல்றேன்னு பேப்பரை வாங்கிக்கிட்டு வந்தேன். அக்காகிட்ட போய் ஏன் அக்கா அப்படி எழுதினீங்கன்னு சண்டை போட்டேன். கை போனவளை எப்படியும் வேலைக்கு வெச்சுக்க மாட்டாங்க, உனக்காவது வேலை இருக்கட்டும், உன் வீட்டுக்காரர் முதுகை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே, வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்து போடுன்னாங்க. உங்க தப்புன்னு எழுதினா பேக்டரி வைத்தியச் செலவை நிறுத்திடும், சாப்பிடறதுக்குக்கூட வழி இருக்காது, அதெல்லாம் யோசிக்கலையான்னு கேட்டேன். என் தங்கச்சி இருக்கா, பாத்துப்பான்னாங்க. அந்தத் தங்கச்சி எப்படின்னு எனக்குத் தெரியாதா, மூணு வாரத்துல ஒரே தடவை வந்து, வீட்டுச் சாவி எங்கேன்னு கேட்டுட்டுப் போனவ. உங்கப்பாவும் கையெழுத்து போடுன்னுதான் சொன்னாரு. அவங்களே எழுதிக் குடுத்தாச்சு, ஆபீசரே உன்னைக் காப்பாத்தறாரு, நீ என்னத்துக்குத் தலையைக் கொண்டு போய் நீட்டறேன்னு கத்தினாரு. நான் ரெண்டு நாள் பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். போட்டுடலாம்னுதான் இருந்தேன்டி, உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. ஞாயித்துக்கிழமை பேப்பரை மடிச்சுப் பையிலயும் வெச்சுட்டேன், திங்கக்கிழமை குடுத்துடலாம்னு.

திங்கக்கிழமை ஆபீஸ் ரூமுக்குப் போற வழியில மூணாம் நம்பர் மெஷினோட சுவிட்ச் பெட்டியைப் பாத்தேன். ஒரு பூட்டு தொங்குது. எட்டிப் பாத்தா மெஷின்ல ரெண்டு பேரு. போன வருஷம் நான் வேலை சொல்லிக் குடுத்த பொண்ணுங்க. ஒருத்தி ஏணி மேல, ஒருத்தி சின்னக் கதவுல தோள் வரைக்கும் கையை விட்டுக்கிட்டு. நான் போட்ட சத்தத்துல அவ பயந்துபோய்க் கையை இழுத்துக்கிட்டா. உனக்கு அறிவு இருக்கா, பூட்டு எங்கேடின்னு கத்தினேன். அவ முழிச்சுட்டு, நீங்கதானே அக்கா சொன்னீங்க, ரெண்டு பேருக்கு ஒண்ணு போதும்னுன்னா. எதிர்த்துப் பேசல, நிஜமாவே புரியாமத்தான் கேட்டா. இவ்வளவு நடந்த பிறகுமாடின்னு கேட்டேன். ரேடியோ அக்கா பூட்டு மாட்ட மறந்துட்டாங்களாமே, நாங்க மறக்கலையே, எங்க ரெண்டு பேருக்கும்தான் பூட்டு தொங்குதேன்னா இன்னொருத்தி. அந்த ஸ்டேட்மென்ட்ல ஒரு வரிகூட பொய் இல்லை, ஆனா அதை நம்பினா இந்தப் பொண்ணோட கையும் போகும். பையில இருந்த பேப்பரைக் கிழிச்சுக் குப்பையில போட்டுட்டு ஆபீசர்கிட்ட போய், எனக்கு என்கொயரி வேணும் சார், நான் சொல்ல வேண்டியது வேற இருக்குன்னேன். அவர், உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன், என்கொயரின்னா வேலைக்கு உத்தரவாதம் இல்லைன்னாரு. தெரியும் சார்னேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாங்க, அதுவரைக்கும் உள்ளே வர வேண்டாம்னாரு. மெஷின் பக்கம் மட்டும் அன்னிக்கே ஆள் அனுப்பி எல்லாப் பூட்டையும் சரி பாக்கச் சொன்னாரு, அந்த மட்டுக்கும் நல்லது.

அன்னிக்கே அக்காகிட்ட போய்ச் சொன்னேன். திட்டினாங்க பாரு, பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம் எழுந்து உக்காந்துட்டாங்க. போடி பைத்தியம், உனக்காகத்தான் எழுத வராத கையில கையெழுத்து போட்டேன், அதை வீணாக்கிட்டியேன்னு சொல்லிட்டு சுவர் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. நான் கட்டில் பக்கத்துலேயே உக்காந்திருந்தேன். ரேடியோ இவ்வளவு நேரம் ஓடாம இருந்து நான் பாத்ததே இல்லை. அப்புறம் திரும்பிப் பாக்காமலே, தலை சிக்கா இருக்கு, சீவி விடேன்னாங்க. சீப்பு எடுத்து மெதுவா சிக்கெடுத்து, பின்னி, கட்டி விட்டேன். அவங்களுக்கு இனிமே யாராவது பின்னி விட்டாத்தான் உண்டு. அதை நினைச்சதும் எனக்கு அடக்க முடியல, அவங்க முதுகுக்குப் பின்னாடியே அழுதேன். அவங்க தோளும் குலுங்கிச்சு. மன்னிச்சுடுங்க அக்கான்னு கேட்டேன், பதினாறு வருஷத்துல முதல் தடவையா. சடையை இறுக்கிக் கட்டிட்டேடி, வலிக்குதுன்னாங்க. அதுதான் அவங்க சொன்னது. மன்னிச்சாங்களா இல்லையான்னு தெரியல, நான் திரும்பக் கேக்கவும் இல்லை.

நேத்து முழுக்க உக்காந்து என் ஸ்டேட்மென்ட்டை நானே எழுதினேன், இங்கிலீஷ்லயே. தமிழ்ல எழுதுங்க, நாங்க மாத்திக்கறோம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. மாத்தறப்ப கூர்மை எல்லாம் மழுங்கிடும்னு எனக்குத் தெரியும், வேண்டாம்னுட்டேன். ஏழு வரிதான். பூட்டை எடுத்தது நான். ஒரு பூட்டு போதும்னு சொன்னதும் நான். மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான். அக்கா என்னை நம்பினாங்க, அவங்க தப்பு அது ஒண்ணுதான். கடைசி வரியில அந்த ரெண்டாவது வார்த்தையை ஒரே ஒரு தடவை போட்டிருக்கேன். ஸ்பெல்லிங் அலமாரிக் கதவைத் திறந்து வெச்சுப் பாத்து எழுதினேன். உன் பேப்பர் எண்ணெய்க் கறை பட்டு ஓரமெல்லாம் சுருண்டு போயிருக்கு, ஆனா எழுத்து நல்லாத் தெரியுது. மத்த வரியில எல்லாம் எவ்வளவு தப்பு இருக்கோ, நீ பாத்தா சிவப்புப் பேனாவை எடுத்துக்கிட்டு வருவே, அதான் உனக்கு அனுப்பல. இன்னொரு சாமானும் எடுத்துட்டுப் போறேன். ஆபரேஷன் முடிஞ்சு அக்கா வேலைக்குத் திரும்பினப்ப அவங்களுக்குப் புதுசா ஒரு பூட்டு குடுத்தாங்க. அவங்களுக்கு எதுக்குன்னு நான் வாங்கி வெச்சது எட்டு வருஷமா என் லாக்கர்ல அட்டைப் பெட்டியோட அப்படியே கிடந்துது, ஒரு கீறல்கூட இல்லாம. திங்கக்கிழமை வெளியே வர்றப்ப எடுத்துட்டு வந்தேன். யாராவது நான் சொல்றதை நம்பலன்னா அதை மேஜை மேல வைக்கப் போறேன். மஞ்சள் பேட்ஜையும் கூடவே வெச்சுட்டு வந்துடுவேன்.

உங்கப்பா மூணு நாளா என்கூடப் பேசல. சாப்பாடு போட்டா சாப்பிடறாரு, தட்டைக் கழுவி வைக்கறாரு, பேச்சு மட்டும் இல்லை. இன்னிக்குக் காலையில என் செருப்பு வார் அறுந்திருந்ததைத் தைச்சு வாசல்ல வெச்சிருந்தாரு. அப்புறம் ஜன்னலைப் பாத்துக்கிட்டே, நாளைக்கு எந்த பஸ்ஸுன்னு கேட்டாரு. எட்டே முக்கால் பஸ்ஸுன்னேன். நானும் வரேன், உள்ளே விட மாட்டாங்க, கேட்டுக்கு வெளியே நிக்கறேன்னாரு. முதுகு வலியோட அவ்வளவு நேரம் எப்படி நிப்பீங்கன்னேன். லாரியில முப்பது வருஷம் உக்காந்தாச்சு, ஒரு நாள் நின்னா ஒண்ணும் ஆகாதுன்னாரு. எனக்குப் பயமாத்தான் இருக்கு கண்ணு, வீட்டை எப்படி ஓட்டப் போறோம்னு தெரியல. வேற வேலை தேடணும், இந்த வயசுல யாரு குடுப்பா, பாக்கலாம். ஆனா சாப்பாடு இப்ப தொண்டையில இறங்குது. மூணு வாரமா இறங்கல.

நீ எதையும் மனசுல போட்டுக்கிட்டு அங்கே தனியா உக்காந்து அழாதே. வேலைக்கு ஒழுங்காப் போ. வண்டி ஓட்டறப்ப போனைத் தொடாதே, சும்மா சொல்லல, என் மேல ஆணை. தினமும் போற வழிதானேன்னு கை தானா திருப்பும், அதை நம்பாதே, ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைப் பாத்துட்டுத் திரும்பு. அக்காவுக்கு ஒரு வரி எழுது, ஐயோ பாவம்னு எழுதாதே, அவங்களுக்குப் பிடிக்காது, உன் லைசென்ஸ் போட்டோவைப் பத்தி எழுது, அதுல நீ திருட்டு முழி முழிக்கறேன்னு அவங்களுக்குக் கிண்டல் பண்ண ஏதாவது வேணும். நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், உன் கைக்கும் காலுக்கும் ஒரு குறையும் வரக் கூடாது, உன்னை நம்பி யாராவது ஒருத்தர் உள்ளே கையை விட்டா அவங்களுக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது, சாமிகிட்ட இதுதான் கேக்கறேன். இன்னொண்ணு மறந்துட்டேன். இத்தனை வருஷமா டீ நேரம் எப்பன்னு கணக்குப் பண்ணிப் பண்ணிக் கூப்பிடுவியே, இனிமே அது வேண்டாம். எப்ப வேணும்னாலும் கூப்பிடு. அம்மா வீட்டுலதான் இருப்பேன்.

எப்பவும் உன்னையே நினைச்சுக்கிட்டு இருக்கற
அம்மா